கர்சினாவின் கடைசி வாத்து

கர்சினா அந்த வாத்தைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி வரவில்லை. இடுப்பில் அணைத்துக்கொண்டு வந்தாள்.

என் வாத்துக்கறிக் கடையின் பின்புறம் அண்டாவில் வெந்நீர் தயாராக இருந்தது. வழக்கமாக வாத்தைக் கொடுத்துவிட்டு, காசை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள். இன்று போகவில்லை. அண்டாவுக்குப் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்தாள்.

காலையில் அதன் இடுப்பெலும்பைத் தொட்டுப் பார்த்தாளாம். மூன்று விரல் நுழையும் அளவுக்கு விரிந்திருக்கிறதாம். எலும்பு அப்படி விரிந்தால் முட்டை வரப்போகிறது என்று எங்கள் பிரெபெஸ் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

"அப்ப எதுக்குடி இங்க கொண்டு வந்தே?"

கேட்டிருக்கக் கூடாது. எனக்குத் தெரியாதா என்ன.

ஆறு மாதத்துக்கு முன்னால் எங்கள் பெண்கள் குழுவில் அவள் கடன் வாங்கினாள். அதுவரை பிறர் வீட்டு வாத்து முட்டைகளை வாங்கி, செங்கல் பொடியில் உப்பைக் குழைத்துப் பூசி ஊறவைத்து, உப்பு முட்டையாக நெடுஞ்சாலை ஓரத்தில் விற்றுக்கொண்டிருந்தாள். லாபம் பூராவும் முட்டைக்காரனுக்கே போகிறது, சொந்தமாக வாத்து இருந்தால் கடையையே பெரிதாக்கிவிடலாம் என்று அவளுக்கு ஒரு கணக்கு. அதில் தப்பே இல்லை.

முதல்முறை கடன் வாங்குகிறவளுக்குச் சின்னத் தொகைதான் தருவார்கள். அதில் முட்டையிடும் வாத்து வாங்க முடியாது. குஞ்சுகள்தான் வாங்கினாள்.

குஞ்சு வளர்ந்து முட்டையிட ஆறு மாதம் ஆகும். வாரத் தவணை அடுத்த செவ்வாய்க்கிழமையே தொடங்கிவிட்டது.

வாத்துக்கு இதெல்லாம் புரியுமா? அது தன் பாட்டுக்கு நிதானமாக வளர்ந்தது.

ஆரம்பத்தில் உப்பு முட்டை விற்ற காசில் கட்டினாள். பிறகு தவிட்டுச் செலவு அந்தக் காசையும் தின்றது. அப்புறம்தான் வாத்துகள் என் கடைக்கு வர ஆரம்பித்தன. முதலில் நொண்டி, பிறகு ஆண் வாத்துகள், பிறகு சோனி. அதற்கும் பிறகு வந்ததெல்லாம் நல்ல வாத்துகள்.

இதை மட்டும் நீயே வைத்துக்கொள் என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து அந்தத் தொகையைக் கட்டியாக வேண்டும். கட்டி முடிக்கும்வரை ஒருத்தியும் எழுந்து வீட்டுக்குப் போக முடியாது. அந்த மற்றவர்களில் நானும் ஒருத்தி. என் தவணைக்கே இன்று கடைக்கு எண்ணெய் வாங்க வைத்திருந்த காசை எடுத்திருந்தேன்.

என் கணவர் பிஸ்மில்லா சொல்லி அறுத்துக் கொடுத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போனார். நான் வெந்நீரில் முக்கி இறகைப் பிடுங்கினேன். கர்சினாவும் ஒரு பக்கத்து இறகைப் பிடுங்கினாள்.

வயிற்றைக் கீறினேன்.

உள்ளே மஞ்சள் கருக்கள் கொத்தாக இருந்தன. கடுகு போல, பட்டாணி போல, கோலிக்குண்டு போல. அவற்றுக்குக் கீழே முழு முட்டை ஒன்று, இளம் பச்சையில், ஓடு மட்டும் இன்னும் இறுகாமல். நாளை விடிவதற்குள் இட்டிருக்கும்.

மூடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது, கீறின வயிற்றை எங்கே மூடுவது.

கர்சினா கையை நீட்டினாள். முட்டையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். அது தளதளவென்று ஆடியது. செங்கல் பொடி ஏறிச் சிவந்திருந்த நகத்தால் மெதுவாக அழுத்திப் பார்த்தாள்.

"இதை உப்புல போட முடியாதுக்கா. ஓடு தாங்காது."

அவ்வளவுதான் சொன்னாள். எழுந்து கையைக் கழுவிக்கொண்டு, காசை வாங்கிக்கொண்டு, கடையின் முன்பக்கம் போனாள். அங்கேதான் எங்கள் குழு கூடும். பாய் விரித்துப் பெண்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். வசூலுக்கு வரும் இர்வான் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தான். நல்ல பையன்தான், யாரிடமும் குரலை உயர்த்த மாட்டான். நானும் கையைத் துடைத்துக்கொண்டு போய் ஓரமாக உட்கார்ந்தேன்.

கர்சினா காசைக் கொடுத்தாள். இர்வான் எண்ணிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

அதுதான் அவளுடைய கடைசித் தவணை. கடன் முடிந்துவிட்டது.

"ஒரு வாரம்கூடத் தவறலையேக்கா நீங்க. வாத்துப் பண்ணை சக்கைப்போடு போடுதுன்னு சொல்லுங்க."

கர்சினா புன்னகை மாதிரி ஏதோ செய்தாள். இப்படிக் கட்டுகிறவர்களுக்கு அடுத்த கடன் இரண்டு மடங்காகக் கிடைக்கும், பண்ணையை இன்னும் பெரிதாக்கலாம் என்று அவன் ஆசையாக விளக்கினான். முதல் தவணை எப்போது என்று அவள் கேட்டாள். வழக்கம்போல அடுத்த செவ்வாய்தான் என்றான்.

அவள் தலையாட்டினாள். வேண்டாம் என்று எதை வைத்துச் சொல்வாள்? வீட்டில் பட்டி காலியாகக் கிடந்தது.

கடனை முழுதாக அடைத்தவளுக்குக் குழுவே கைதட்ட வேண்டும் என்று ஒரு பழக்கம் உண்டு. இர்வான் தொடங்கிவைத்தான். எல்லோரும் தட்டினோம். நகக்கண்ணில் ரத்தத்தோடு நானும் தட்டினேன்.

பொய்யாகத் தட்டவில்லை. அவள் கட்டிவிட்டாள், நாங்கள் வீட்டுக்குப் போகலாம். எங்களுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.