நம்பர் போட்ட தேவி

நூலக அறிவியல் படித்த பூங்கோதையை வேலை நேர்காணலுக்குத் தயார் செய்தது அம்மாதான். வெங்காயம் உரித்தபடியே அதிகாரி மாதிரி குரலை மாற்றிக்கொண்டு, "புஸ்தகத்துக்கெல்லாம் நம்பர் போட்டு அடுக்கச் சொன்னது யாரு?" என்பாள். "டியூயி" என்ற பதில் அவள் காதில் "தேவி" என்றே விழும்.

"தேவி இல்லம்மா. அவரு ஆம்பளை."

"போடி. எதை எங்க வைக்கணும்னு பொம்பளைக்குத்தான் தெரியும்."

அம்மாவின் கருமாதி முடிந்த மறுநாள் நேர்காணல். அதிகாரி அதே கேள்வியைக் கேட்டார். சரியான பெயர் பூங்கோதையின் நாக்கு நுனியில்தான் இருந்தது.

"தேவி" என்றாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "பதட்டப்படாம யோசிச்சுச் சொல்லுங்கம்மா" என்றார் அதிகாரி, கனிவாகத்தான்.

பூங்கோதை யோசித்தாள்.

"தேவிதான் சார்."