சிறப்பு விருந்தினர் வரும் வரை

நீலத் தொட்டிக்குள் ஆமைக் குஞ்சுகள் நீந்திக்கொண்டிருந்தன.

தண்ணீர் இல்லை.

விடியலில் மணலைப் பிளந்துகொண்டு வந்தவை. வந்ததும் கடலில் விட வேண்டும். முதல் சில நாள் நீந்துவதற்கான பலத்தை வயிற்றுக்குள்ளேயே கட்டிக்கொண்டு பிறக்கின்றன. கட்டுச்சோறு மாதிரி. தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

அதைப் பிளாஸ்டிக்கின் மேல் செலவழித்துக்கொண்டிருந்தன.

அவன் ஆமைகளைக் காப்பாற்ற நாகப்பட்டினம் பக்கம் வந்த கல்லூரி மாணவன். இந்த முட்டைகளை நாய்க்கும் நரிக்கும் தப்பவைத்துக் குழியில் புதைத்தது அவன்தான். அதற்காக இரண்டு பரீட்சைகளை எழுதவில்லை.

ஒன்பது மணிக்கு அமைப்பாளர் தர்மசீலன் சொன்னார்.

"சார் கெளம்பிட்டாராம்."

பன்னிரண்டு மணிக்கும் கிளம்பிவிட்டார். மூன்று மணிக்கும்.

தொட்டியை மூடியிருந்த ஈரச் சாக்கை விலக்கிப் பார்த்தான். பாதி நீந்துவதை நிறுத்திவிட்டிருந்தன.

தொட்டியைத் தூக்கினான்.

"எங்க தம்பி?"

"விட்டுடலாம்ணே. செத்துரும்."

"அப்புறம் சார் வந்து வெறுந்தொட்டியவா கடல்ல விடுவாரு?"

"பாதியவாவது விடலாம்ல?"

"நூத்திப்பத்து குஞ்சுன்னு பேனர் அடிச்சாச்சுய்யா."

பேனரைப் பார்த்தான். அடித்துத்தான் இருந்தது. சிறப்பு விருந்தினரின் படம் பெரிதாக. மூலையில் ஓர் ஆமை. ஆற்று ஆமை.

தொட்டியை இறக்கி வைத்தான்.

ஆறரைக்கு வந்தார். பொன்னாடை. பூங்கொத்து. கடல்வளம் பற்றி இருபது நிமிடம். இருட்டிவிட்டதால் போட்டோக்காரர் இரண்டு ஃபோகஸ் விளக்குகளைப் போட்டார்.

தொட்டி சரிந்தது.

பெரும்பாலானவை விழுந்த இடத்திலேயே கிடந்தன. மிச்சம் இருந்தவை மெல்லத் திரும்பின. குஞ்சுகளுக்கு வெளிச்சம் இருக்கிற பக்கம்தான் கடல்.

வரிசையாக விளக்கை நோக்கி, சிறப்பு விருந்தினரின் செருப்பை நோக்கி ஊர்ந்தன.

அவன் ஓடிப்போய் ஒன்றை எடுத்தான். உள்ளங்கையில் துடுப்பு அடித்தது. கடல் பத்தடி தூரம்.

"ஏன் தம்பி, தண்ணிப் பக்கமே போக மாட்டேங்குது?" என்றார் சிறப்பு விருந்தினர்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். தர்மசீலன் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார்.

"கூச்சம் சார்" என்றான்.

கடற்கரையே சிரித்தது.

சிறப்பு விருந்தினர் தன் பொன்னாடையைக் கழற்றி அவன் தோளில் போட்டார். போட்டோக்காரர் இந்தப் பக்கம் பார்க்கச் சொன்னார்.

கும்பிட வேண்டும். கையில் குஞ்சு இருந்தது.

கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டான்.