மாப்பிள்ளை ஏற்றிய வேகம்

பகல் மூன்று மணி. வீடுகளுக்கு வரைபடம் போடும் மாமனார், கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டுக் காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருக்கிறார். காலையிலிருந்து நான்காவது முறையாக அது சூடேறி அணைந்திருக்கிறது. ஐந்து மணிக்குக் கொடுக்க வேண்டிய வீட்டு வரைபடத்தின் மாடிப்படி மறுபடியும் காற்றோடு போயிற்று. தன் கார் பந்தய விளையாட்டு வழுக்கிக்கொண்டு ஓட வேண்டுமென்று பிராசஸரின் வேகத்தை அளவுக்கு மீறி ஏற்றிவைத்த புண்ணியவான், அதாவது வீட்டு மாப்பிள்ளை, டேபிள் ஃபேனைப் பெட்டிக்கு நேராகத் தூக்கிப் பிடித்து நிற்கிறார். சேவையில் மட்டும் ஒரு குறையும் இல்லை. “பெரிய பெரிய பிளானாப் போட்டு நான்தான் இதைப் பாழாக்கிட்டேன் மாப்ள. உங்க விளையாட்டும் கெட்டுது, மன்னிச்சுக்குங்க” என்கிறார் மாமனார், கழுத்து வியர்வையைத் துடைத்தபடி. உண்மையைச் சொல்லத்தான் மாப்பிள்ளை வாயைத் திறக்கிறார். “பரவாயில்ல மாமா” என்று வருகிறது.