அழுதால்தான் பாஸ்

ஒன்றரை வயதுக் குழந்தையை அழவைப்பதற்காகக் காலையிலிருந்தே தயாராகிக்கொண்டிருந்தான் ஆம்ப்ரோஸ். தரையைத் துடைத்தாயிற்று, தேக்கா மார்க்கெட்டில் வாங்கிய பொம்மைகளைப் பரப்பியாயிற்று, கையில் ஸ்டாப்வாட்சும் வந்தாயிற்று. குழந்தை வந்து அழ வேண்டியதுதான் பாக்கி.

அவன் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. பல்கலைக்கழகத்தின் மனித வளர்ச்சித் துறையில் கடைசி வருஷ மாணவன். தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள பிணைப்பை அளந்து பார்ப்பதுதான் அவன் எடுத்துக்கொண்ட ஆய்வு.

விஷயம் எளிதுதான். விளையாட்டு அறையில் அம்மா குழந்தையோடு இருப்பாள், மணி அடித்ததும் எழுந்து போய்விடுவாள். புது ஆள் ஒருத்தி உள்ளே வந்து சமாதானம் செய்து பார்ப்பாள், பிறகு அம்மா திரும்பி வருவாள். அம்மா போனதும் அழுது, புது ஆளிடம் ஒட்டாமல், அம்மா வந்ததும் அடங்கினால் பிணைப்பு பிரமாதம் என்று அர்த்தம்.

புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. சிங்கப்பூர்க் குழந்தைகள்தான் அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை. கேலாங் பையன் அம்மாவுக்கு டாட்டா காட்டிவிட்டு பிஸ்கட் டின்னைக் காலி செய்தான். பிடோக் பாப்பா வந்ததும் வராததுமாகத் தூங்கிப்போனாள்.

"திங்கக்கிழமைக்குள்ள ஒரு நல்ல ரிசல்ட்டாவது காட்டு. இல்லேன்னா அடுத்த வருஷம்தான் உனக்கு டிகிரி" என்று கறாராகச் சொல்லிவிட்டார் விரிவுரையாளர் டாக்டர் சிவகாமசுந்தரி. அவன் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து, "நம்ம பழைய ஸ்டூடன்ட் பாக்கியலட்சுமிகிட்ட பேசியிருக்கேன். சனிக்கிழமை வந்து ஹெல்ப் பண்ணுவா. குழந்தையும் வரும்" என்றார். புது ஆளாக நடிக்க ஆள் கிடைத்த தெம்பில், லூர்து மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டான் ஆம்ப்ரோஸ்.

சனிக்கிழமையும் வந்தது. புக்கிட் பாத்தோக்கிலிருந்து பஸ் பிடித்து அன்னம்மா வந்து சேர்ந்தாள், இடுப்பில் குழந்தை வெண்ணிலா, தோளில் பால் புட்டிப் பை. ஐந்து நிமிஷம் கழித்து டாக்சியில் வந்து இறங்கினாள் பாக்கியலட்சுமி, ஆபீஸ் சேலையும் குதிகால் செருப்புமாக.

"பாப்பா காலையில என்ன சாப்ட்டா?" என்று அன்னம்மாவிடம் விசாரித்துக்கொண்டே குனிந்தாள் பாக்கியலட்சுமி. வெண்ணிலா முகத்தை அன்னம்மாவின் தோளில் புதைத்துக்கொண்டது. ஆகா, இப்போதே மிரள்கிறதே என்று ஆம்ப்ரோஸுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

"அக்கா, நீங்க பாப்பாவோட உள்ள உக்காருங்க. பெல் அடிச்சதும் வெளிய வந்துடணும்" என்றான் அன்னம்மாவிடம்.

"நானா?" என்று விழித்தாள் அன்னம்மா.

"நீங்கதான்க்கா, பயப்படாதீங்க லா." அடுத்து பாக்கியலட்சுமியிடம் திரும்பினான். "நீங்க அதுக்கப்புறம் போகணும். உங்களுக்கு நான் எக்ஸ்ப்ளெய்ன் பண்ணணுமா என்ன?"

"வேணாம். இதே ரூம்ல நானும் இந்த டெஸ்ட்ட பண்ணியிருக்கேன். ஆனா தம்பி..."

பன்னிரண்டு மணிக்கு அறையை வேறு வகுப்புக்கு விட்டாக வேண்டும். "அப்புறம் பேசலாம் அக்கா, பிளீஸ்!" என்று கும்பிடாத குறையாகக் கெஞ்சினான் ஆம்ப்ரோஸ். அவள் குழந்தையையும் அன்னம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சரி, நான் ரெண்டாவதாவே போறேன்" என்றாள்.

ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு மணியை அடித்தான் ஆம்ப்ரோஸ். அன்னம்மா எழுந்து வெளியே போனதுதான் தாமதம், வெண்ணிலா ஊரைக் கூட்டிவிட்டது. சத்தம் போடாமல் ஒரு குதி குதித்தான் அவன்.

பாக்கியலட்சுமி உள்ளே போனாள். பொம்மையை ஆட்டினாள், பாட்டுப் பாடினாள், தரையில் மண்டியிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். வெண்ணிலா பொம்மையைத் தட்டிவிட்டு, கதவுக்கு ஓடிப் போய் அதைப் பிஞ்சுக் கைகளால் அடித்தது. அவளும் விடாமல் பின்னாலேயே போய் மறுபடியும் கைகளை நீட்டினாள். நடிக்க வந்த இடத்தில் இத்தனை ஈடுபாடா என்று ஆம்ப்ரோஸ் அசந்துபோனான்.

கதவு திறந்தது. அன்னம்மாவைப் பார்த்ததும் வெண்ணிலா பாய்ந்து ஏறிக்கொண்டது. இரண்டு விம்மல்தான், அப்புறம் வாயில் கட்டைவிரல், அவள் தோளில் தலை. புத்தகத்தில் போட்டிருந்தது அப்படியே, ஒரு வரி பிசகவில்லை.

பொம்மையும் கையுமாகக் கண்ணாடி அறைக்கு வந்தாள் பாக்கியலட்சுமி. கண்கள் சிவந்திருந்தன. பட்டம் கைக்கு வந்துவிட்ட சந்தோஷத்திலும் அவனுக்குப் பாவமாகத்தான் இருந்தது.

"அக்கா, நீங்க போய் இதுக்கு ஃபீல் பண்ணலாமா? புது ஆளப் பாத்தா பாப்பா அப்படித்தான் பண்ணும், நேச்சுரல் லா. ஆனா ரெண்டு பேருக்கும் எவ்வளவு பாசம் பாத்தீங்களா? இந்த மாதிரி ஒரு அம்மாவ நான் இதுவரைக்கும் பாத்ததே இல்ல!"

அவள் கண்ணாடி வழியாகத் தூங்கத் தொடங்கிவிட்ட குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆம்ப்ரோஸ் உற்சாகமாகப் பேனாவைத் திறந்தான்.

"அம்மா பேரு அன்னம்மாதானே? எழுதிக்கட்டுமா?"

"அது பேபிசிட்டர் பேரு, தம்பி. வாரம் பூரா பாப்பா அவங்க வீட்டுலதான்" என்றாள் அவள், பார்வையைத் திருப்பாமலே. "அம்மா பேரு பாக்கியலட்சுமி."