மூன்றாவது குடம்

"வேற கிடா பிடிச்சிட்டு வாங்கன்னு எத்தனை தடவ சொல்றது?"

"பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கினா செவலையை வெட்டுறேன்னு நேர்ந்தது நீதானடி!"

"அப்ப அது வெறும் குட்டி. மூளைக்கு ஊசி போட்டுப் பேச வைப்பாங்கன்னு நான் கண்டேனா? பிள்ளைக்கு வாய்ப்பாடே அதுதான சொல்லிக்கொடுக்குது."

"நேர்த்தி பாக்கி நிக்கவும்தான் காலையில மறுபடி உடம்பு சுடுது. நீயே தொட்டுப் பார்த்தல்ல?"

வேலம்மாளின் புருஷன் உச்சிமாகாளி கோயில் வாசலில் மூன்றாவது குடத்தையும் செவலைக் கிடாவின் முதுகில் கவிழ்த்தான். தண்ணீர் பட்டு ஆடு உடம்பைச் சிலிர்த்தால் வெட்டச் சம்மதம் என்று அர்த்தம். சிலிர்க்காத ஆட்டின்மேல் அரிவாள் படக்கூடாது. மற்ற கிடாக்களெல்லாம் முதல் குடத்திலேயே சிலிர்த்துவிட்டன. செவலைக்கு விஷயம் தெரியும். நான்கு குளம்பையும் மண்ணில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மலைக்காற்று விடாமல் வீசியது.

"பாரு, தொடை நடுங்குது."

"இல்ல."

"நடுங்குதுங்கிறேன். அடுத்த குடத்தைக் கொண்டாங்கடா!"

செவலை தலையை அசைக்கவில்லை. கண்ணை மட்டும் வேலம்மாளின் தோளில் கிடந்த துண்டின் பக்கம் திருப்பியது.

"அக்கா, குளிரு தாங்கல. கொஞ்சம் துவட்டி விடேன்."