முந்தி வந்த சத்தம்

ஆய்வகத்தில் யசோதராவின் வேலை, லேசர் ஒளி தள்ளி அதிரும் மெல்லிய சவ்வு ஒன்றை அடக்கி வைப்பது. ஒளியைக் கூட்டினால் சவ்வு தறிகெட்டு ஆடும், குறைத்தால் அடங்கும். அந்த அதிர்வை அவள் ஸ்பீக்கரில் கேட்பாள். வெளியே எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி போனாலும் அதில் உறுமும்.

இன்று உறுமல் முந்திக்கொண்டது. லாரி பிறகுதான் வந்தது.

அவள் லேசரை அணைத்தாள். ஸ்பீக்கர் ஓயவில்லை. அதில் டெக்னீஷியன் எத்திராஜின் இருமல் கேட்டது. கொஞ்சம் கழித்து அவர் டீயோடு வந்து, கதவைச் சாத்திவிட்டு, இருமினார்.

"இன்னாம்மா, மூஞ்சே வெளுத்துக் கீது?"

அவள் பதில் சொல்வதற்குள் ஸ்பீக்கரில் அவள் குரலே அலறியது. "தொறக்காதண்ணா, கதவத் தொறக்காத."

யசோதரா வாயே திறக்கவில்லை. இருவரும் கதவைப் பார்த்தார்கள். இன்னும் யாரும் தட்டவில்லை.