உள்ளூர்க் கை

கத்தியைத் தனபாலன் கையில் திணித்துவிட்டு அவன் விளக்குமாற்றை எடுத்தான்.

கதவு மணி அடித்து ஓய்வதற்குள் எல்லாம் நடந்தது.

குடிநுழைவு அதிகாரிகள் இரண்டு பேர். ஒருவர் வாசலில் நின்றுகொண்டார். மற்றவர் உள்ளே வந்து, சுவரில் மாட்டியிருந்த அவனுடைய பெர்மிட்டைப் படித்தார்.

துப்புரவுப் பணியாளர்.

பதினோரு வருடம் அதில் முடிதிருத்துபவர் என்றுதான் இருந்தது. இந்த வருடம் சட்டம் மாறிவிட்டது. வெளிநாட்டுக்காரன் கூட்டலாம், கழுவலாம். தலையைத் தொடக் கூடாது.

தொட்டால் விமானம். அப்புறம் இந்தப் பக்கமே வர முடியாது.

ஊரில் மகள் நர்சிங் இரண்டாவது வருடம்.

தனபாலன் லாரி ஓட்டி ஓய்ந்தவர். இந்த நாட்டுப் பிரஜை. அதற்கான நீல அட்டை சட்டைப் பையில் இருந்தது. முதலாளி அவரை வேலைக்கு வைத்தது அதற்காகத்தான்.

"எனக்கு ஸ்டேரிங்தான்டா பிடிக்கத் தெரியும். என்னைப் போய் கத்தி பிடிங்கிறான் உங்க முதலாளி" என்று முதல் நாளே சொல்லிச் சிரித்தார்.

மூன்று தடவை ஒத்திகை பார்த்திருந்தார்கள். சோதனைக்கு ஆள் வந்தால் சீப்பை எப்படிப் பிடிப்பது. கத்தரிக்கோலை வெறுமனே எப்படிச் சத்தப்படுத்துவது. வெட்டாமலே எப்படி வெட்டுவது.

எல்லாம் முடிவெட்டுக்கு.

சவரத்தை யாரும் நினைக்கவில்லை.

நாற்காலியில் ரெங்கையா. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். தலையைச் சாய்த்து, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். வலது பக்கம் முடிந்திருந்தது. இடது கன்னத்திலும் தொண்டையிலும் நுரை.

அதிகாரி தனபாலனின் அட்டையை வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். வேலையைச் செய்யுங்கள் என்று மலாயில் சொன்னார்.

போகவில்லை. நின்றார்.

தனபாலன் கத்தியை மண்வெட்டி மாதிரிப் பிடித்திருந்தார்.

அவன் கூட்டினான். கூட்டிய இடத்தையே கூட்டினான்.

ரெங்கையாவுக்கு இடது தாடைக்குக் கீழே ஒரு மரு. மிளகு அளவு. அதை ஒட்டி நரம்பு ஓடும். நுரைக்குள் கண்ணுக்குத் தெரியாது. பதினோரு வருடம் சிரைத்த கைக்குத் தெரியும்.

"அண்ணே, அங்க மரு இருக்கு."

"எங்கடா?"

கேட்டுக்கொண்டே தனபாலன் கத்தியை இறக்கினார். கத்தி நேரே மருவை நோக்கிப் போனது. ரெங்கையா தூக்கத்தில் எச்சில் விழுங்கினார். தொண்டை ஏறி இறங்கியது.

விளக்குமாறு தரையில் விழுந்த சத்தம் அவனுக்குப் பிறகுதான் கேட்டது.

அவனுடைய இடது கட்டைவிரல் தோலை இழுத்துப் பிடித்திருந்தது. வலது கையில் கத்தி. மருவைச் சுற்றி ஒரே வளைவு.

ரத்தம் இல்லை.

வாசலில் நின்றவர் போனை உயர்த்திப் படம் எடுத்தார்.

தனபாலன் சுவரோரம் ஒதுங்கினார். "எனக்கு வராதுன்னு சொன்னேனேடா" என்றார். அவனைப் பார்த்துச் சொல்லவில்லை.

அதிகாரி அவசரப்படவில்லை. முடித்துவிட்டு வா என்றார். நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படிவத்தை எடுத்தார்.

அவன் முடித்தான். கன்னம். தாடை. உதட்டோரம். நாலு இழுப்பில் முடிகிற இடத்தில் பத்து இழுப்பு இழுத்தான்.

துடைத்தான். படிகாரம் தேய்த்தான். மறுபடி துடைத்தான். மூக்குக்குக் கீழே இல்லாத முடியைக் கத்தரித்தான்.

படிவத்தில் பேனா ஓடிக்கொண்டிருந்தது.

ரெங்கையா விழித்தார். கண்ணைத் திறக்காமலே கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

"வழவழன்னு இருக்குடா தம்பி."

"இன்னொரு தடவை போட்டுடவாண்ணே?"

"எதுக்குடா? பிள்ளைங்க வெயில்ல நிக்கும். பஸ் எடுக்கணும்."

அதற்குள் அவன் பிரஷ்ஷை வெந்நீரில் முக்கியிருந்தான்.